மாதாவின் முகத்துக்கு ரோஸ் பெயிண்ட்

ஆகஸ்ட் 27, 1972. ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். துறைமுகப் பக்கமிருந்து கரித்தூள். துணி காயப்போட முடியவில்லை என்று வீட்டுக்காரி ஞானம் சத்தம்.

தெருவில் சிலுவை நட்ட சின்னக் கோயில், எங்கள் குருசடி. அங்கே நான் வரைந்த மாதாவின் முகத்தின் மேல் ரோஸ் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. பூசைக்குப் போகிற வழியில் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். இது அநியாயம். மறந்துவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதி வைக்கிறேன்.

முகத்துக்கு மட்டும். கழுத்து, கை, பாதம் எல்லாம் என் கறுப்பு அப்படியே. மேலே பவுடர் டப்பா பொம்மை போல ஒரு மூஞ்சி. கண் நீலம். எங்கள் தெருவில் நீலக் கண் யாருக்கு இருக்கிறது?

துறைமுகத்தில் கிரேனுக்கு நம்பரும் கப்பல் பக்கவாட்டில் பெயரும் எழுதி ஓய்வு பெற்றவன் நான். படம் போட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடைந்த படகின் பலகையை இழைத்து அந்த மாதாவை வரைந்து மூன்று வருடம் ஆகிறது. எங்களைப் போன்ற ஒரு தாய். கண்டாங்கிச் சேலை, மீன் அரிந்து காய்ப்பேறிய கை. திருநாள் சப்பரத்தில் வருடா வருடம் அந்தப் பலகைதான் தெரு சுற்றும். இந்த வருடமும் அதுதான் போகும். இந்த மூஞ்சியோடா?

இடது கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பங்குச் சாமியாரிடம் போனேன். காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"தோத்திரம் சாமி. யார் அடிச்சது?"

"பொருத்தனை, சவரி."

"யாரு பொருத்தனை?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். மாதாவுக்குச் சேலை சாத்துவதோ குருசடிக்கு வர்ணம் அடிப்பதோ, பொருத்தனையாக நேர்ந்துகொண்டு செய்தால் செய்தவர் யார் என்று திருநாள் முடியும்வரை கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பெயர் வெளியே வந்தால் பொருத்தனை பலிக்காது என்பார்கள். இந்தத் தெருவில் பிறந்த நாள் முதல் அந்த வழக்கத்தை நான் மீறியதில்லை. இப்போது மீறலாம் என்றிருக்கிறேன்.

சாமியார் நல்லவர்தான். லத்தீன் பூசையைத் தமிழுக்கு மாற்றினபோது முதல் ஆளாகச் சந்தோஷப்பட்டார். "சாமி, பாஷை மட்டும் தமிழ், மூஞ்சி மட்டும் வெள்ளையா?" என்றேன். காபி ஆறுகிறது என்றார்.

எனக்குச் சந்தேகம் மைக்கேல் மேல். திருநாள் கமிட்டித் தலைவன், துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். இனி மை. என்றே எழுதுவேன். முழுப் பெயர் எழுதும் அளவுக்கு அவன் வொர்த் இல்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

கொடியேற்றம். வேட்டுச் சத்தம். நான் கூட்டத்துக்குள் போகவில்லை, மண்ணெண்ணெய்க் கடை ஓரம் நின்றேன்.

மை. பார்த்துவிட்டு வந்தான். "இன்னா அண்ணாத்தே, அங்கியே நின்னுகினு? இப்பத்தான் மாதா மாதா மாரி கீது. மின்னாடி பாத்தா சங்கரா மீனு இன்னா வெலன்னு கேக்கத் தோணும்."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கன்னங்கரேல் என்றிருக்கிறவன்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"நீதான அடிக்க வச்ச?"

"நானா? சத்தியமா இல்ல. நானா இருந்தா கைக்கும் சேத்து அடிச்சிருப்பேன்."

அவன் சொன்னது உண்மை என்று தோன்றுகிறது. அது இன்னும் எரிச்சல்.

ஆகஸ்ட் 30, புதன்

திருவொற்றியூர் போனேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. லாரிக்குப் பெயரும் பூவும் எழுதுகிற தாஸைப் பார்க்கத்தான். அந்த ரோஸ் அவன் கைதான். லாரிப் பின்பலகையில் அவன் போடுகிற பொம்பளை முகமும் அதே ரோஸ், அதே மூக்கு.

"பேர மட்டும் கேக்காத பெர்சு. பொருத்தன."

"சரி, கேக்கல. ஏன்டா ரோஸு?"

"மாதான்னா ரோஸுதான? பின்ன இன்னா, லாரிக்கு அடிக்கிற பச்சையா?"

"உன் மூஞ்சியக் கண்ணாடில பாத்திருக்கியா நீ?"

"காலீல பாத்தேன். அத்தோட இன்னிக்கி வேலையே ஓடல."

கூட வேலை செய்கிறவனும் சிரித்தான். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். டீ வாங்கித் தந்தான். அவன் கெட்டவன் இல்லை. கண்ணை மூடி மாதா என்று நினைத்தால் அவனுக்குள் அந்தப் படம்தான் வருகிறது. என் சின்ன வயதில் எனக்கும் அதுதான் வந்தது. கப்பல்காரன் கொடுத்த காலண்டர். அதை என் தலையிலிருந்து கழற்ற எனக்கு எவ்வளவு காலம் பிடித்தது!

பல் வலி குறையவில்லை.

செப். 1, வெள்ளி

நேற்று இரவு மழை. தெருவில் சேறு.

சேது வந்தார். ஓவியக் கல்லூரியில் சொல்லித்தருகிறவர், வயது முப்பதுக்குள். போன வருடம் சப்பரத்தில் பலகையைப் பார்த்ததிலிருந்து வருகிறார். என்னை "ஐயா" என்பார். குருசடி முன் நின்று ரோஸைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு! என் வீட்டுக்காரிகூட அப்படித் துக்கப்படவில்லை.

எழும்பூரில் அவர்கள் கண்காட்சி. டாக்சியில் அழைத்துப் போனார். பெரிய ஹால், ஃபேன் காற்று. சுவரெல்லாம் படம். எழுத்துப் போலக் கோடு, கோலம் போலக் கட்டம். சேதுவின் படம் "மீனவர்". கறுப்புக் கோடுகள் வரிசையாகக் குனிந்து எதையோ இழுக்கின்றன. நன்றாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன். இழுக்கிற பாரம் தெரிந்தது.

"மூஞ்சி எங்க?" என்றேன்.

"வேணும்னுதான் விட்டேன் ஐயா. ஒரு ஆளை வரையலை. ஒரு சனத்தோட அடையாளத்தை வரையறேன்."

அந்தக் கோடுகளில் நான் எது என்று தேடினேன். கடைசியில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறதே, அதுவாக இருக்கலாம்.

வெளியே வந்து அவர் சொன்னது நினைவில் வைக்க வேண்டியது. "வெளிநாட்டான் மாதிரி வரைஞ்சா, இது உங்களோடதான்னு கேக்கறாங்க. நம்ம மாதிரி வரைஞ்சா, இது கலையான்னு கேக்கறாங்க. எங்க வீட்டுப் பூஜை அறை லட்சுமியும் ரோஸ்தான் ஐயா. சின்ன வயசுலேர்ந்து எனக்கு உறுத்தல்." அவரும் நம்ம ஆள்தான் போல என்று அப்போது நினைத்தேன்.

அவர் யோசனை: நான் வார்னிஷ் போட்டிருப்பதால் ரோஸை டர்பன்டைனில் துடைத்தெடுக்கலாம். சீக்கிரம் செய்ய வேண்டும், இறுகிவிட்டால் அடியில் இருப்பதும் போய்விடும். துடைத்த பிறகு பலகையைத் தில்லிக் கண்காட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். அங்கே யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள். கீழே வைக்கிற சீட்டுக்கு ஏற்கெனவே வாசகம் எழுதி வைத்திருந்தார்: "கறுப்பு மாதா. வடசென்னை மீனவர் மரபு."

"மரபா? என்னைத் தவிர இங்க எவன் வரைஞ்சான்?"

"உங்க பேரும் போடறோம் ஐயா."

கிளம்பும்போது கேட்டார்: "அது யாரோட முகம்?"

"எங்க தெரு மூஞ்சி" என்றேன்.

செப். 2, சனி

முடிவு செய்தேன். தில்லிக்குக் கொடுத்துவிடுகிறேன். இவர்களுக்கு என் படம் தகாது. மை. டீக்கடையில் இருக்கும்போது எல்லார் காதிலும் விழச் சொன்னேன். "திங்கக்கெழம பலகைய எறக்குறேன். ஒங்களுக்குக் காலண்டரு போதும்." யாரும் சிரிக்கவில்லை. மை.கூட.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நினைப்பு. தில்லியில் அதன் முன் யாரும் மண்டி போட மாட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். எழும்பூரில் எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

செப். 3, ஞாயிறு

மாலை. லூர்து வந்தாள். இதை முழுதாக எழுத வேண்டும்.

லூர்து எங்கள் தெருக்காரி, கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகன். ஆடியில் அவன் போன கட்டுமரம் காணாமல் போய், பிறகு எண்ணூர் பக்கம் கரையேறினான். நான் மாதாவுக்கு முகம் வரைந்தது இவளைப் பார்த்துத்தான். கடையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும்போது, எதிர்ப்பக்கம் நின்று காகிதத்தில் போட்டுக்கொண்டேன். அப்படி ஒரு முகம் எந்தக் காலண்டரிலும் இல்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பலகைய எடுத்துகினு பூடுவியாமே, அண்ணாத்தே?"

"ஆமா. எவனோ அடிச்சிட்டான் இல்ல."

"எவனும் அடிக்கல. நாந்தான் அடிக்கச் சொன்னேன். பொருத்தன."

ஞானம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பெயரை அவளே சொல்லிவிட்டாள். பொருத்தனை கெடும் என்று தெரிந்தும், நான் பலகையை எடுத்துப் போய்விடக் கூடாது என்று.

"உன் மூஞ்சி லூர்து அது! உன்ன வரைஞ்சேன். உன்ன மேல வச்சேன்."

"யாரு கேட்டா உன்ன? மூணு வருசமா மார்க்கெட்டுல நா லூர்து இல்ல தெரியுமா? 'இன்னா மாதா, நெத்திலி எவ்ளோ? இன்னா மாதா, அற்புதம் பண்ணி வெலயக் கொற!' குடிச்சிட்டு வர்றவன்லாம் கும்புட்டுட்டுப் போறான். அத்த வுடு. அது ஒரு பேஜாரு, தாங்கிக்கலாம். புள்ள காணாமப் போன அன்னிக்கு ஓடியாந்தேன் குருசடிக்கு. மண்டி போட்டு தலயத் தூக்குனா, அங்க நா நின்னுகினு கீறேன். நானே! எங்கிட்டயே நா இன்னான்னு கேட்டு அழுவுறது?"

பிறகு மெதுவாக: "அப்பத்தான் வேண்டிக்கினேன். புள்ள வந்தா அந்த மூஞ்சிய மாத்திடறேன்னு."

"அதுக்கு வெள்ளயா?"

"வெள்ளன்னு நா சொல்லல. வேற மூஞ்சின்னு சொன்னேன். தாஸு கையில அந்த பெயிண்டுதான் கீது."

அவள் போன பிறகு ஞானம்: "லூர்துதான்னு தெருவுக்கே தெரியும்யா. உனக்குத்தான் தெரியாது. நீ எங்க மூஞ்சியப் பாத்துப் பேசற, படத்துக்குத்தான பாக்கற."

சாப்பிடவில்லை.

செப். 4, திங்கள்

பலகையை இறக்கவில்லை. மேகமூட்டம்.

லூர்து செய்தது சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. கறுப்பான ஒருத்தி மேலே நின்றதால் இந்தத் தெருப் பெண்பிள்ளைகள் கொஞ்சமாவது நிமிர்ந்தார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அதை விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் அழ வந்தவளுக்கு அழ இடமில்லாமல் போனது. அதற்கு என்ன பதில் சொல்வது? பகல் முழுக்க யோசித்தேன். சேது முகமே இல்லாமல் வரைந்தார், நான் யாருடையது என்று எல்லாருக்கும் தெரிகிற முகமாக வரைந்தேன். தாஸ் யாருடையதும் இல்லாத ஒன்றை அடித்தான். கொடியேற்றத்தன்று அதன் முன்னால் மெழுகுவர்த்தி வைத்து அவள் அழுதாளாம், ஞானம் சொல்கிறாள். அந்தப் பவுடர் டப்பா மூஞ்சியிடம்! என் படத்திடம் முடியாதது அதனிடம் முடிந்திருக்கிறது. இதை எழுதவே கை வரவில்லை. ஆனாலும் உண்மை.

பல்லைப் பிடுங்கினேன். ரத்தம் நிற்க நேரமானது.

செப். 5, செவ்வாய்

காலையில் கல்மண்டபம். லூர்து கடை. சேலைத் தலைப்பால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

"கறுப்ப மாத்த மாட்டேன்" என்றேன்.

"மாத்தாத. என் மூஞ்சி வாணாம்."

"இந்தத் தெருவுல யார் மூஞ்சியும் வாணாம். சரி."

"மாமியார் மூஞ்சியும் வாணாம். அப்பால எவளும் சப்பரத்துக்கு வர மாட்டா."

பக்கத்துக் கடைக்காரி கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"கை உன் கைதான் லூர்து. கைய வுட மாட்டேன்."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செதில் ஒட்டியிருந்தது. "கை இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். "கையப் பாத்து எவனும் கிண்டல் பண்ணல."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. போகும்போது நாலு வஞ்சிரத் துண்டு இலையில் கட்டிக் கொடுத்தாள். பல் இல்லாத பக்கம் வைத்துத் தின்னு என்றாள்.

சேதுவுக்குப் போன் போட்டுத் தில்லி இல்லை என்றேன். சீட்டுகூட எழுதிவிட்டேனே என்றார். பிறகு, "துடைக்க நான் வரட்டுமா ஐயா?" என்றார்.

வியாழன் மாலை சப்பரம். அதற்குள்:

மை.: நாளைக் காலை பலகையை இறக்கி என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

சேது: டர்பன்டைன், பஞ்சு. மரபு என்ற பேச்சை எடுக்கக் கூடாது.

தாஸ்: அடித்தவனே ரோஸைத் துடைக்க வேண்டும். சேது பக்கத்தில் நின்று சொல்லித்தரட்டும். நீலக் கண் இரண்டையும் நான் துடைப்பேன்.

பங்குச் சாமியார்: பலகையைத் திரும்ப மந்திரித்து ஆசீர்வதிக்க வேண்டும். நிறத்தைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். லூர்துவின் பெயர் வெளியே வந்ததால் பொருத்தனை கெடாது என்று அவளிடம் அவர் வாயால் சொல்ல வேண்டும்.

ஞானம்: எல்லாருக்கும் டீ. எனக்குப் புத்தி சொல்லாமல்.

நான்: முகம். மெல்லிசாக அடிக்க வேண்டும், காய வேண்டும். யாரையும் பார்த்து வரையக் கூடாது.

லூர்து: மார்க்கெட் முடிந்து வந்து பலகை முன் மண்டி போட வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்து, அழ முடியுமா என்று சொல்ல வேண்டும். முடியாது என்றால் நான் துடைத்துவிட்டு மறுபடி போடுவேன். முடியும் என்று அவள் சொல்லும்வரை.