சித்திக்காகக் கேட்கிற லீவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உடம்புக்கு நான் நன்றாக இருக்கிறேன், கடையும் ஓடிக்கொண்டிருக்கிறது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். வழக்கமாக இதோடு சேர்த்துச் சித்தியும் சுகம் என்று ஒரு வரி வரும், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாலே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காது அல்லவா, உடம்பில் மற்றதெல்லாம் ஓய்ந்துவிட்டது, அது மட்டும் ஓயவில்லை. அதனால் பக்கத்து வீட்டு அம்மாவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு வந்து கடையிலேயே உட்கார்ந்து, குழாய் மாதிரிகள் அடுக்கிய மேஜையில் ஒரு ஓரத்தை ஒதுக்கி எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். ஆபீசில் வைத்துப் படிக்காதே, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சித்திக்குக் கணையத்தில் வந்திருப்பது என்ன என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று போன வாரம் நான் சொன்னதும் நீ சந்தோஷப்பட்டாய், உன் குரலைக் கேட்டு எனக்கு மேற்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் பூசி மெழுகாமல் பேசுகிறவள், என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, மாசக் கணக்கா நினைக்காதீங்க சார், வாரக் கணக்குதான், அதுலயும் தெளிவா பேசறது முதல்ல கொஞ்ச நாள்தான், வலிக்கு மருந்தைக் கூட்டிட்டா அப்புறம் பெரும்பாலும் தூக்கத்துலயே இருப்பாங்க, பாக்க வேண்டியவங்களை இப்பவே வரச் சொல்லுங்க என்றாள். நீ என்னடாவென்றால், கையில இருக்கற வேலைய முடிச்சுட்டு மாசக் கடைசியில வந்துடறேன்பா என்கிறாய். மாசக் கடைசியில் வந்தால் நீ அவளைப் பார்க்கலாம். அவள் உன்னைப் பார்ப்பாளா என்பதுதான் சந்தேகம்.

கட்டிலை முன் அறையில் ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறேன். காலையில் ஒரு நர்ஸ் வந்து துடைத்து, துணி மாற்றி, ஊசி போட்டுவிட்டுப் போகிறாள். மற்ற நேரத்துக்கு நான்தான். சமையலும் நான்தான், அதை நினைத்து நீ சிரிக்கலாம், அவளே சிரித்தாள். அரிசியைக் குழைய வேகவைத்துக் கொடுத்தேன், ஒரு வாய் வாங்கிக்கொண்டு, அத்தான், இது திங்கறதுக்கா இல்ல பைப்பு ஜாயின்ட்டுக்குப் பூசறதுக்கா என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நீ எப்போது வருவாய் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்பதெல்லாம், இப்ப அங்க மணி என்ன அத்தான் என்பதுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறாள் என்று எனக்கே தெரியாது. சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு, இப்ப ஆபீஸ்ல இருப்பா, இப்ப பஸ்ஸுக்கு நிப்பா, இப்ப போர்வைய உதைச்சுட்டுத் தூங்கிட்டு இருப்பா அந்த வாண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். தெருவில் ஏதாவது வண்டி வந்து நின்றால் தலை மட்டும் வாசல் பக்கம் திரும்புகிறது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் தலையணை குத்துகிறது என்கிறாள்.

சரி, லீவு விஷயத்துக்கு வருகிறேன். நீ விண்ணப்பத்தில் உறவு என்ற இடத்தில் ஆன்ட்டி என்று எழுதிக் கொடுத்தாய், அவர்கள் அப்பா, அம்மா, கணவன், குழந்தை, இவர்களுக்குத்தான் குடும்ப லீவு, ஆன்ட்டிக்கெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன். நம் கடையில் சரக்கு இறக்குகிற மீசைக்காரர் தன் மாமனாரை மூன்று தடவை சீரியஸ் என்று சொல்லி லீவு வாங்கினார், மூன்றாவது தடவை அந்த மாமனார் கடைக்கே வந்து வாளி வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை எங்கே காணோம் என்று என்னிடமே விசாரித்தார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் முதலாளிகள் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நீ எழுதியதைப் பார்த்தால் அவர்களுக்கு என்ன தெரியும். யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் பார்க்கிறவள், அவ்வளவுதான் தெரியும். உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்று அந்த ஒற்றைச் சொல்லில் எங்கே இருக்கிறது.

அதற்கு நீ கண்டுபிடித்த வழிதான் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மான்னு எழுதிக் குடுத்துடறேன்பா, யாருக்குத் தெரியப்போகுது என்றாய். தெரியும். வேலையில் சேரும்போது அம்மா உயிரோடு இல்லை என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய், இன்சூரன்ஸ் தாளிலும் அப்படித்தான் இருக்கும். பொய் சொல்லி லீவு வாங்கினாள் என்று வந்துவிட்டால் லீவு மட்டும் போகாது, வேலையும் போகும், நாளைக்கு இன்னொரு இடத்தில் கேட்கும்போது பேரும் கெட்டுப்போகும். இது என் பக்கத்துக் காரணம். அவள் பக்கத்துக் காரணம் வேறு. அன்றைக்கு நீ பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. நான் போனை வைத்ததும் கிட்டே கூப்பிட்டு, அக்கா பேர எடுத்துட்டு அந்த எடத்துல என் பேரப் போட வேணாம்னு சொல்லுங்க, அக்காவுக்குன்னு இந்த உலகத்துல மிச்சம் இருக்கறதே அந்த ஒரு எடந்தான் என்றாள். தாயார் பெயர் என்று கேட்கிற ஒவ்வொரு தாளிலும் உன் அம்மா பெயரை உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அவள் பேச்சை மீறி நீ எழுத வேண்டாம்.

அதற்கு மேலும் ஒன்று சொன்னாள். வேலைய விட்டுட்டு வந்து நிக்கறேன்னு மட்டும் கெளம்பிடப் போறா, ஒரு வீட்டுல ஒருத்தி விட்டது போதும் என்றாள். இதன் அர்த்தம் உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அவள் இத்தனை வருஷம் என் வாயைக் கட்டி வைத்திருந்தாள், இன்றைக்கு அவிழ்க்கிறேன். எக்ஸ்சேஞ்சு வேலை பிடிக்காமல் விட்டாள், ராத்திரி டூட்டிக்குப் பயந்து விட்டாள் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் இல்லை. அவள் வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, மாதம் பிறந்தால் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் அவள். ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ராணி மாதிரி இருப்பாள் என்று உன் அம்மா சொல்வாள். உன் அம்மா போனபோது நீ தவழ ஆரம்பித்திருந்தாய். வேறு யார் கையிலும் பால் குடிக்கவில்லை, சம்பளத்துக்கு வைத்த ஆயா கையைக் கடித்துவிட்டாய், நான் தூக்கினாலும் அழுகை. அவள் மடியில் போட்டால்தான் நிறுத்துவாய். அவள் போய் லீவு கேட்டாள். மேலதிகாரி நல்ல மனுஷர்தான், மரியாதையாகத்தான் சொன்னாராம், பெத்தவளுக்குத்தாம்மா லீவு, அக்கா குழந்தைக்கு அப்பா இருக்காரே, நீ எதுக்கு என்று. சம்பளமில்லாத லீவில் கொஞ்ச நாள் ஓட்டினாள், அதற்கு மேல் முடியாது என்றார்கள். ஒரு நாள் சாயங்காலம் வந்து, வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன் அத்தான், இனிமே இவ இருக்கா எனக்கு என்று சொல்லிவிட்டு உன்னைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. சொந்தக்காரர்கள் நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள், அதற்கும் அவள் ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். ஊர் வாய்க்குப் பயந்து நீ பெரிய பிள்ளை ஆகும்வரை நான் கடை மாடியில் பிளாஸ்டிக் குழாய்களுக்கு நடுவில் படுத்தேன். அந்தக் கல்யாணத்துக்கு நான் ஆசைப்பட்டேனா என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை.

ஆகவே உனக்கு வந்திருக்கிற பதில் இந்த வீட்டுக்குப் புதிதில்லை. ஆனால் அவளுக்கு அன்றைக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, உனக்கு இருக்கிறது. நம்மிடம் குழாய் வாங்குகிற ஒரு அம்மா, மில்லில் ஆட்கள் பிரிவைக் கவனிக்கிறவர், அவரிடம் விசாரித்தேன். அவர் சொன்னது, மேனேஜர் வாயால் சொல்வதை விதி என்று எடுத்துக்கொள்ளாதே, லீவு விதிகளை முழுதாக வாங்கிப் படி, குடும்பம் என்றால் யார் யார் என்று எழுதியிருக்கிற பக்கத்தை முக்கியமாகப் படி. சில இடங்களில் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து வளர்த்தவர்களையும் சேர்த்திருப்பார்களாம், சில இடங்களில் இருக்காதாம், உன் இடத்தில் எப்படி என்று அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. இருந்தால் அதைக் காட்டிக் கேள். இல்லாவிட்டால் சம்பளமில்லாத லீவு தருவார்களா, இங்கிருந்தே கம்ப்யூட்டரில் பாதி வேலை பார்க்க விடுவார்களா என்று கேள். நடைபாதையில் நிறுத்திக் கேட்காதே, கண் கலங்கிக்கொண்டு கேட்காதே, எழுத்தில் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு. ஆன்ட்டி என்று எழுதாதே. என் தாய் என் குழந்தைப் பருவத்தில் இறந்துவிட்டார், அவருடைய தங்கை அன்றிலிருந்து என்னை வளர்த்தவர், இப்போது அவருக்குக் கடைசிக் காலம், கூட இருந்து கவனிக்க வேண்டும் என்று இருப்பதை இருக்கிறபடி எழுது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. டாக்டரம்மா கவனிப்பு தேவை என்று எழுதித் தந்திருக்கிறாள். உன் பள்ளிக்கூடத்துப் பழைய ஹெட்மிஸ்ட்ரஸிடமும் போனேன், விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், எனக்கு உங்க பொண்ணோட அம்மான்னா அவங்க முகந்தாங்க ஞாபகம் வருது என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உன்னை வளர்த்தது அவள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டும் இதோடு வருகிறது.

முதலாளியாக ஒரு விஷயம் சொல்கிறேன். லீவு கேட்டு ஒருவர் எதிரே வந்து நின்றால் எங்கள் மனதில் ஓடுகிற கேள்வி ஒன்றுதான், இந்த ஆள் போனால் இந்த வேலையை யார் பார்ப்பது. அவர் கேட்பதற்கு முன்னால் நீ அதற்குப் பதிலைச் சொல்லிவிடு. எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, யார் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாய், என்றைக்குக் கிளம்புகிறாய், என்றைக்குள் நிலைமையைத் தெரியப்படுத்துவாய் என்று தெளிவாகச் சொல். பிச்சை கேட்கிற மாதிரித் தலையைக் குனியாதே, சண்டைக்கு நிற்கிற மாதிரி நிமிரவும் வேண்டாம். அவர் மறுத்தால் அவருக்கு மேலே யார் என்று மரியாதையாகக் கேள். டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் இதையெல்லாம் இன்றைக்கே செய், நாளைக்கு என்று வைக்காதே. காரியம் வேண்டாம் என்று நினைக்கிறவன்தான் நாளைக்கு என்பான் என்று உன்னைச் சின்ன வயசில் திட்டியிருக்கிறேன், இப்போது திட்டவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

நானும் ஒன்று பட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கவுன்டரில் இருந்த பெண், பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டாள். செத்துப்போன என் மனைவியின் தங்கை என்றேன். அப்ப அவங்களுக்குச் சொந்தமா வேற யாரும் இல்லையா என்றாள். அவளுக்கு ஒரு பெண் வெளிநாட்டில் இருக்கிறாள் என்றேன், எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைத் தெரிந்தவர் என்று எழுதிக்கொண்டாள். ஒரே அடுப்பில் இத்தனை வருஷம் சாப்பிட்டவனைத் தெரிந்தவர் என்று எழுதினாள். பின்னால் வரிசை நின்றது, நானும் கையெழுத்துப் போட்டேன். வியாபாரத்தில் எவ்வளவோ பேர் என்னை எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள், எதுவும் இப்படி உறைத்ததில்லை. வார்டுக்குப் போனால் அவள், என்ன அத்தான், முகம் ஒரு மாதிரி இருக்கு, அட்வான்ஸ் ஜாஸ்தி கேட்டாங்களா என்கிறாள். ஆமாம் என்றேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே போனாலும் உன்னைத் தாங்குகிற மனுஷர்கள் உனக்கு அமைய வேண்டும், அவள் உனக்குக் கொடுத்ததெல்லாம் உன் கையால் பத்து பேருக்குப் போய்ச் சேர வேண்டும். அழுவதை அழுதுவிட்டு விண்ணப்பத்தை எழுத உட்கார். கடைசியாக ஒன்றை மறந்துவிடாதே. வந்து இறங்கியதும் நேராக அவளிடம் போ, தூங்கினால் எழுப்பாதே, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார். கண் திறந்ததும் முதலில் லீவு கிடைத்ததா என்றுதான் கேட்பாள். கிடைத்தது என்று சொல். எப்படி வந்திருந்தாலும், எதை விட்டுவிட்டு வந்திருந்தாலும், கிடைத்தது சித்தி, போய்ப் பார்த்துட்டு வான்னு மேனேஜரே சொல்லி அனுப்பினார் என்று சொல். அவள் முகத்தைப் பார்த்தபின் அது சுலபமாக வாயில் வராது, வழியிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா