கதவில் நசுங்கியதாகச் சொன்னேன்

மார்ச் 4

செருப்பு அடிப்பாகம் வெட்டும் மெஷின் இன்றும் இரண்டு தடவை தானாக இறங்கியது. முதலாளியிடம் சொன்னேன். "பாத்து வேலை செய்யுங்கம்மா, மெஷினுக்குக் கண்ணா இருக்கு?" என்றார். எங்களுக்கு இருக்கிறது. பத்து மணி நேரம் ஆனால் அதுவும் சொருகிக்கொள்கிறது.

என் வீட்டுக்காரரின் தங்கை, சின்னவள், என் பக்கத்து மெஷின். "அதுக்குத் தூக்கம் வருது அண்ணி, அதான் தலை சாயுது" என்று சிரித்தாள்.

மார்ச் 9

எப்படி எழுதுவது. சின்னவளின் வலது கை. மூன்று விரல்.

சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போனோம். கடைசி ரப்பர் ஷீட்டை உள்ளே தள்ளினாள், இறங்கிவிட்டது. அவள் கத்தவில்லை. "அண்ணி" என்று ஒரே தடவை. பசை தடவும் அக்காதான் துணி சுற்றினாள். முதலாளி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார், அதை மறைக்கக் கூடாது. வழியில் சொன்னார்: "வீட்டு இரும்புக் கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லும்மா. பட்டறைன்னு சொன்னா இழுத்து மூடிடுவாங்க. பதினாலு பேர் பொழப்பு."

டாக்டர் கேட்டார். கதவு என்றேன். எழுதிக்கொண்டார்.

மார்ச் 10

எங்கள் வீட்டில் இருப்பது தகரத் தட்டி. அதில் எறும்புகூட நசுங்காது.

மார்ச் 13

வீட்டுக்காரர் நான்கு நாளாகப் பேசவில்லை. இன்று வெடித்தார். "கூடப் பொறந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பியா?" சின்னவள் படுத்தபடியே, "அண்ணியத் திட்டாதண்ணா. நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றாள். அவர் திட்டியது வலிக்கவில்லை. இவள் பரிந்து பேசியதுதான் வலித்தது.

மார்ச் 17

தொழிலாளர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள். அதற்குள் எங்களைப் பின்வாசல் வழியாகத் துரத்திவிட்டார் முதலாளி. சுவருக்கு அந்தப் பக்கம் திருடிகள் மாதிரி நின்றோம். அவர் குரல் கேட்டது: "இங்க பொம்பளைங்க யாரும் வேலைக்கு இல்ல சார்."

"அப்ப வாசல்ல கிடக்கிற செருப்பெல்லாம்?"

"சாம்பிள் சார்."

குதிகால் தேய்ந்த சாம்பிள். ஊக்கு குத்திய சாம்பிள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்தினோம். பதினோரு வருஷமாக வேலை செய்கிறேனே — நான் யாரு அப்ப? ஆளே இல்லையா?

மார்ச் 18

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பொய் சொல்லிட்டேன் சார். பட்டறையிலதான் நடந்தது." டாக்டர் நிமிரவில்லை. "கதவு இவ்வளவு நேரா வெட்டாதும்மா. ஆனா நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்." பழைய சீட்டை எடுத்து அடித்து எழுதினார்.

வந்து சின்னவளிடம் சொன்னேன். "உங்க வேலை போயிடுமே அண்ணி" என்றாள்.

மார்ச் 19

போய்விட்டது.

மார்ச் 22

தொழிலாளர் ஆபீஸில் புகார் கொடுத்தோம். அங்கே வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்டார் அதிகாரி. அட்டை இல்லை, வருகைப் பதிவு இல்லை. "கூட வேலை செஞ்சவங்க யாராவது வந்து சொல்லணும். நீங்க சொந்தக்காரங்க, நீங்க மட்டும் போதாது."

பசைக்கார அக்கா வீட்டுக்குப் போனேன். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு, தெரியும்ல?" என்று கதவைச் சாத்தினாள். எந்த முகத்தோடு கோபிப்பேன்? இரண்டு வாரத்துக்கு முன் நானும் அவள்தானே.

ஏப்ரல் 2

விசாரணை. வெளி பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். பெயர் கூப்பிடும் நேரத்தில் பசைக்கார அக்கா வந்தாள், பின்னால் இன்னும் மூன்று பேர். என் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்தாள். "சோதனை வந்த அன்னைக்கு வெறுங்காலோட வீட்டுக்குப் போனேன்" என்றாள். "என் சின்னப் பொண்ணு கேட்டா, செருப்பு பண்றவளுக்குச் செருப்பு இல்லையாம்மான்னு."

மே 15

விசாரணைக்கு அப்புறம் பட்டறை மூன்று வாரம் மூடிக் கிடந்தது. நேற்றுத் திறந்தார்களாம், மெஷினுக்குக் கம்பித் தடுப்பு போட்டு. சாட்சி சொன்ன எங்கள் யாரையும் கூப்பிடவில்லை. மூடிய நாட்களில் பட்டினி கிடந்த ஒருத்தி கடைத்தெருவில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள்மேல் தப்பில்லை.

நான் இப்போது ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறேன்.

ஜூன் 20

நஷ்டஈட்டு உத்தரவு வந்துவிட்டது. அதில் 'பட்டறைத் தொழிலாளி' என்று சின்னவளை எழுதியிருந்தார்கள். அவள் அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

தொழிலாளர் ஆபீஸில் பணத்துக்குக் கையெழுத்துப் போட இடது கையால் பேனாவைப் பிடித்தாள். முதல் எழுத்தே வழுக்கியது. "இவ கைநாட்டு வெச்சுடட்டுமா சார்?" என்று நான் கேட்டேன்.

"வேணாம் அண்ணி" என்றாள்.

வரிசை எங்களுக்குப் பின்னால் வாசல்வரை நின்றது. அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் எழுதி முடித்தாள்.