கிழக்கு பார்த்த ஜீப்பு

மார்கழி 18, வியாழன்

பனி இன்னும் விலகவில்லை. வாசலில் இருந்தவர்கள்: நான், அவர், கொழுந்தன் கோபால், திருவள்ளூரிலிருந்து வந்த மெக்கானிக் மஸ்தான் பாய், எங்கள் மகள் செண்பகத்தின் மாமியார். நடுவில் ஜீப்பு. மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது.

கோபால் கிளப்பினான். பின்னால் நீலப் புகை. பனியும் புகையும் ஒன்றாகி, கோலமே தெரியவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் மேகத்துக்குள் நின்றது போல.

பாய் எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். நுனியில் கூட ஈரம் இல்லை.

"இன்னாக்கா, ஆயில்ல தோசை சுடுறீங்களா?"

"ஊத்திக்கினேதான் பாய் இருக்கோம். போன வாரம் கூட ஊத்துனேன்," என்றான் கோபால்.

"அப்ப ரிங்கு போச்சு. எஞ்சினைப் பிரிக்கணும். மெட்ராஸ்லருந்து சாமான் வரணும். தை முழுக்க ஆவும்."

தையில் செ.வுக்கு ஒன்பதாம் மாதம். அழைத்துவர வேண்டியதே இந்த வண்டியில்தான். போன தடவை கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அந்தக் குலுக்கலுக்குப் பிறகு வயிற்றில் இருந்தது தங்கவில்லை.

சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு: "பஸ்ஸும் வாணாம், இந்தப் பொகையும் வாணாம். எங்க ஊட்லயே பொறக்கட்டும் அண்ணி. நான் பாத்துக்க மாட்டேனா?"

பார்த்துக்கொள்வாள். நல்லவள்தான். ஆனாலும்.

கணக்கு: விளக்குக்கு நல்லெண்ணெய், தலைக்குத் தேங்காயெண்ணெய், வண்டிக்கு மறுபடியும். இந்த வீட்டில் அதிகம் எண்ணெய் குடிப்பது அதுதான்.

மார்கழி 21, ஞாயிறு

பெரியபாளையம். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் அம்மனிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று. வழியெல்லாம் புகை. செவ்வாப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவர் சைக்கிளை ஓரங்கட்டி, "ரயிலு ரோட்ல வருதுடோய்!" என்றார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. (சைக்கிள்காரருக்கு அல்ல, நம் வீட்டவருக்கு.)

சன்னதியில் வேப்பிலை வாசனை. கண்ணை மூடினால் செ. பின்பக்க மெத்தையில் படுத்துக்கொண்டு வருகிறாள், இரண்டு பக்கமும் நெல் வயல், வண்டி ஓடுகிற சத்தமே இல்லை. படகு மாதிரி.

சாப்பிட்டு, மர நிழலில் தூங்கி எழுந்து, புறப்படும் முன் கோபால் குச்சியை உருவினான்.

"அண்ணி! இங்க வந்து பாரு!"

குறிக்கு மேலே எங்கேயோ ஏறி நின்றது எண்ணெய். வழிகிறது.

"நான் இன்னிக்கு ஒரு சொட்டு ஊத்தல. சத்தியமா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மார்கழி 22, திங்கள்

காலையில் வாசலில் குச்சி பார்த்தோம். காய்ந்து கிடக்கிறது.

கோபால்: "அம்மன் குடுத்துட்டு வாங்கிக்கினாளா?"

"வாயைக் கழுவுடா," என்றார் அவர். ஆனால் ஊற்ற எண்ணெய் டின்னை எடுத்தார். ஏனோ, இன்று ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பகலெல்லாம் அரிசி புடைத்துக்கொண்டே அதே நினைவு. அவள் கொடுப்பவள். திருப்பி வாங்க மாட்டாள்.

மார்கழி 23, செவ்வாய்

பனி. ஜீப்புக்கு முன்னால் கோலம் போட்டு அகல் வைத்தேன். பூசணிப்பூ. ஊதுவத்தி. அகல் கருகிற்று.

எண்ணெய் இருக்கிறது. ஆனால் திரியிருக்கும் முனையில் இல்லை, பின்பக்கமாய்த் தேங்கி நிற்கிறது. வாசல் கிழக்கே மேடு. அகலின் மூக்கு மேட்டைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறது.

அகலைப் பார்த்தேன். ஜீப்பைப் பார்த்தேன். அதுவும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு.

மேட்டில் வேப்பமரத்தடி அம்மன் கல். ஆடியில் பூஜை போட்ட பிறகு, வண்டி அம்மனைப் பார்த்தே நிற்கட்டும் என்று சொன்னது நான். அதற்கு முன்னால் களத்தில் நிற்கும். குச்சி இருப்பது எஞ்சினின் முன்பக்கம். புகை ஆரம்பித்ததும் ஆடிக்குப் பிறகுதான்.

அவரை எழுப்பினேன். "எண்ணெய் எங்கயும் போவலைங்க. பின்னாடி போய் உக்காந்துக்கினு இருக்குது."

"இன்னாடி உளர்ற, காலங்காத்தால?"

அகலைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு சட்டை கூடப் போடாமல் போய் ஜீப்பைத் தள்ளத் தொடங்கினார்.

களத்தில், சமதளத்தில் நிறுத்தி, பாயை வரவழைத்தோம். குச்சி: நேற்று முன்தினம் போலவே வழிய வழிய. அடி போல்ட்டைத் தளர்த்தி, கூடுதலாக இருந்ததைச் சீமெண்ணெய் டின்னில் பிடித்தார். கறுப்பு, பளபளப்பு. அதில் என் முகமும் கொஞ்சம் வானமும்.

"அளவுக்கு மேல ஊத்துனா உள்ள கடைஞ்சி எரிஞ்சி பொகையாத்தான் வரும். பாவம் அந்த ரிங்கு, அது மேல பழி போட்டேனே!" வயிறு குலுங்கச் சிரித்தார். "நானும் உங்க ஊட்டு வாசல்லயேதான பாத்தேன்!"

கிளப்பியதும் முதலில் புகை, பிறகு நூல் மாதிரி, பிறகு அதுவும் இல்லை. குழாய் முனையில் வெள்ளைத் துண்டைப் பிடித்தேன். லேசாக ஒரு நிழல், அவ்வளவுதான்.

கோபால்: "அப்ப அம்மன் கல்லு?"

களத்திலிருந்தும் கிழக்கு, கிழக்குதான். அங்கேயே அம்மனைப் பார்க்கத் திருப்பி நிறுத்தச் சொன்னேன்.

மார்கழி 26, வெள்ளி

வெயில். திருப்பாச்சூர் கோயில் வரை போய் வந்தோம். பின்னால் மெத்தை போட்டு நானே படுத்துப் பார்த்தேன். அவர் சிரித்தார், சிரிக்கட்டும். புகை வாசம் இல்லை. மேலே மரக்கிளைகள் ஓடின. கண்ணயர்ந்துவிட்டேன் போல, யாரோ பக்கத்தில் சின்னக் கையால் என் விரலைப் பிடித்த மாதிரி இருந்தது.

திரும்பியதும் குச்சி: குறியிலேயே. சொட்டு குறையவில்லை.

சம்பந்தியம்மாவுக்குக் கார்டு. போட்டுவிட்டேன், ஞாபகத்துக்கு இங்கேயும்:

"அண்ணிக்கு வணக்கம். வண்டியில் இப்போது புகை இல்லை. பின்னால் நானே படுத்து வந்து பார்த்துவிட்டேன், தூக்கமே வந்துவிட்டது. கோபால் மெதுவாக ஓட்டுவான், நானும் கூட வருவேன். தை பிறந்ததும் செண்பகத்தை அழைக்க எந்த நாள் வரலாம்? சீக்கிரம் பதில் போடுங்கள்."