நீ மறுத்த வேலை

இன்று காலை இன்சூரன்ஸ் பத்திரம் ஒன்றைத் தேடி அலமாரியின் மேல்தட்டைக் கலைத்தேன். பழைய கோப்பு ஒன்றிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் துண்டு விழுந்தது. காபி நிறம். உன் தொழிற்சாலையின் சாம்பிள். படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் நீ அதைத்தான் செருகி வைப்பாய்; எனக்கும் ஒன்று தந்திருந்தாய். முகர்ந்து பார்த்தேன். வாசனை போகவில்லை. பத்திரத்தை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நானும் என் கணவரும் கை நிறையச் சம்பாதித்தும் கையைப் பிசைந்துகொண்டிருந்த வருடத்தில் போட்ட கோப்பு அது. நான் வேலூரில் மயக்க மருந்து டாக்டர். அவர் ஆம்பூரில் ஷூ ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருந்தார். வங்கிக்காரர்கள் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தோம். எதை எதற்காக வாங்கினோம் என்று இருவருக்குமே தெரியாது. நிதி ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். நம் பணத்தைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்குப் பணமா என்று நான் மறித்தேன். இதே பேச்சு, இதே சண்டை.

"அவளைக் கேட்டால் போதும்" என்று உன்னைச் சொன்னவள் நான்தான். பள்ளிக்கூடத்திலிருந்து பழகியவள், ஒரு தோல் தொழிற்சாலையின் மொத்தக் கணக்கையும் கட்டி ஆள்பவள். வேறு யார் வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதங்களையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு மேல்விஷாரத்தில் உன் வீட்டுக்கு வந்தோம். நீ அந்தப் பையைத் திறக்கவே இல்லை.

"நான் பாக்க மாட்டேன்டி."

"ஏன், உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா நான் உன் தோஸ்த். நாளைக்கு ஏதாவது நஷ்டமாச்சுன்னா உன்னால என்னைத் திட்டவும் முடியாது, மறக்கவும் முடியாது. இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. நீதான் போன் செய்தாய். "ஆள் வேணுமா வேணாமான்னு வீட்ல உக்காந்து சண்டை போட்டா எப்படித் தெரியும்? ரெண்டு பேரைப் போய்ப் பாப்போம். நானும் வர்றேன், வேடிக்கை பாக்க."

முதலில் போனது பெரிய கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். தங்களுக்குக் கட்டணமே கிடையாது என்று அங்கிருந்த ஆலோசகர் வண்ண வண்ணப் படங்களைக் காட்டினார். கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு நீ வாயைத் திறந்தாய்.

"சார், எங்ககிட்ட ஒண்ணும் வாங்கலன்றீங்க. அப்ப உங்களுக்கு யாரு குடுக்கறாங்க?"

"எந்தக் கம்பெனி பாலிசிய விக்கிறோமோ, அவங்க குடுத்துடுவாங்க மேடம்."

"அப்ப நீங்க அவங்க ஆளா சார்?"

உன் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாய். அவரும் சற்று யோசித்து, "ஒரு வகைல அப்படித்தான் மேடம்" என்றார். வெளியே வந்ததும், "நல்ல மனுஷன், பொய் சொல்லல. ஆனா உங்க ஆள் இல்ல" என்றாய்.

அடுத்தது சத்துவாச்சாரியில், ஒரு வீட்டு மாடி அறை. நம் வயதுப் பெண்மணி. தன் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எங்கள் பையை ஓரமாக வைத்துவிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "இன்னும் பத்து வருஷத்துல உங்களுக்கு என்ன வேணும்? ஒருத்தர் எழுதறத இன்னொருத்தர் பாக்காதீங்க."

சென்னையில் ஒரு பிளாட், பெண்ணின் படிப்பு, வெளிநாட்டுப் பயணம் என்று நான் தாளை நிரப்பினேன். என் கணவர் தாளில் ஒரே வரி: வேலையை விடணும்.

"எப்பலருந்து இந்த நெனப்பு?"

"மூணு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"நீ பிளாட் பிளாட்னு சொல்லிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?"

டெலிவரி தேதி நெருங்கினால் அவருக்குத் தூக்கம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தினமும் பிறரைத் தூங்க வைப்பது என் வேலை. பக்கத்தில் படுத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே அழுதேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

காரில் திரும்பும்போது நீ கேட்டாய்: "இத்தன வருஷத்துல ஒருத்தரையொருத்தர் கேக்கவே இல்லியா நீங்க?"

அந்தப் பெண்மணியை ஒரு வருடத்துக்கு அமர்த்தினோம். தேவையில்லாத பாலிசிகளை நஷ்டத்தோடு முடித்தார். பிளாட்டைத் தள்ளிப்போட வைத்தார். வருட முடிவில், "இனிமே பெரிய முடிவு எடுக்கறப்ப மட்டும் வாங்க, போதும்" என்று அவரே அனுப்பிவிட்டார். வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் போட்ட சண்டையில் இருவருமே பாதி சரி, பாதி தப்பு. கணவர் வேலையை விட்டார். இப்போது ஒரு பயிற்சிப் பள்ளியில் ஷூ வடிவமைப்பு சொல்லித்தருகிறார். சம்பளம் கம்மி, பிரஷர் மாத்திரையும் கம்மி.

போன வருடம் காய்ச்சல் என்று படுத்தாய். எட்டே நாளில் போய்விட்டாய். எத்தனையோ பேரை மயக்கத்திலிருந்து எழுப்பியவள் உன் படுக்கை அருகே சும்மா நின்றேன்.

கேட்காமல் எதையும் ஊகிக்கக் கூடாது என்பதுதான் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. மாதத்தில் ஒரு நாள் நானும் அவரும் டீயோடு உட்கார்ந்து, "இப்ப உனக்கு இன்னா வேணும்?" என்று மாறி மாறிக் கேட்டுக்கொள்கிறோம். மகள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். போன ஞாயிறு என் முறை வந்தது.

"அவகிட்ட ஒரு தடவை பேசணும்" என்றேன்.

"எழுதிப் பாரேன்" என்றார் அவர்.