சல்க்கினின் நான்கு சுவர்

அட்-பாஷி, 4 மே 2003

அன்புத் தங்கை நூரில்யாவுக்கு,

இங்கே ஆடு, மாடு, தம்பி குபாத், அவன் பெண்டாட்டி குல்பாரா அனைவரும் நலம். வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

வீடு கட்டலாமா என்று யோசிக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில், புருஷனை விட்டு வந்து பதினோரு வருஷமாகத் தம்பி வீட்டுப் பின்னறையில் கிடப்பவளுக்கு எதற்கு வீடு என்பாய். குல்பாராவும் கேட்டாள்.

"தாராளமா கட்டுங்க மதினி. ஆனா அஷாருக்கு யார் வருவா? ஆம்பளை இல்லாத வீட்டுக்கு எவன் மண்வெட்டியைத் தூக்கிட்டு வருவான்?"

என் பயமும் அதுதான். அஷார் என்று ஊர் கூடிச் சேறு மிதித்து மண்கல் அறுத்துத் தராமல் இங்கே யார் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்? நான் கூப்பிட்டு ஒருவரும் வராவிட்டால், அப்புறம் பின்னறையில்கூடத் தலைகாட்ட முடியாது.

அவளைக் கடுப்பேற்றத்தான் கட்ட நினைக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். அப்படியானால் கட்டக்கூடாது. சோதித்துப் பார்த்தேன். போன மாதம் அவள் பத்து நாள் தாய்வீடு போயிருந்தாள். பத்து நாளும் எனக்கு வீடு வேண்டும் போலத்தான் இருந்தது.

நீ என்ன சொல்கிறாய்?

உன் அக்கா
சல்க்கின்

பிஷ்கெக், 19 மே

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்து வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

கூரைப் பனியை யார் தள்ளுவது? நிலக்கரியை யார் சுமப்பது? உன் முழங்காலா? என் வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர். ஜன்னலோர அறை காலியாக இருக்கிறது. நானும் தனியாள்தான், சண்டை போடவாவது ஆள் கிடைக்கும்.

இன்னொன்று. யாரும் வராமல் நீ சேற்றுக் குழியருகே ஒற்றையாக நிற்பதை நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை. வேண்டாம் அக்கா. இங்கே வந்துவிடு.

நூரில்யா

அட்-பாஷி, 16 ஜூன்

அன்புத் தங்கைக்கு,

நீ பயந்தபடியே நின்றேன்.

சனிக்கிழமை அஷார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அதே சனிக்கிழமை பக்கத்து ஊரில் ஆட்டுடல் பறிக்கும் குதிரை ஆட்டம். கிர்கிஸ்காரியாகப் பிறந்து, ஆட்டம் என்றைக்கு என்று கேட்காமல் அஷார் வைத்தவள் உலகிலேயே நான் ஒருத்திதான்.

காலை எட்டு மணி. பெரிய கொப்பரையில் ஆடு வேகிறது. தெருவில் ஒரு ஆண்பிள்ளை கிடையாது. வேலி ஓரம் குல்பாரா, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு. "நான் அப்பவே சொன்னேனே மதினி."

செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாகச் சேற்றில் இறங்கினேன். கிழட்டு வாத்து போல இருந்திருப்பேன்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி தூர்சுனாய் வந்தாள். பின்னால் ஏழு பெண்கள். "ஆம்பளைங்க செத்த ஆட்டுக்குப் பின்னாடி ஓடிட்டாங்க. நாங்க இருக்கோம்ல? தள்ளுடி," என்று பாவாடையைச் செருகினாள். எனக்குக் கண் மறைத்தது. சேறு தெறித்தது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் களிமண் யாருக்கும் பணியவில்லை. மதியம் தாண்டியும் நூறு கல்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்குத் தெருமுனையில் புழுதி. நம்மூர்க் குதிரைக்காரர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்தார்கள். முன்னால் அவர்களின் தலைவன் தாலாய்.

"ஜெயிச்சிட்டோம்க்கா. கறி மிச்சம் இருக்கா?"

"இருக்கு. முதல்ல குதிரையைச் சேத்துல இறக்கு," என்றாள் தூர்சுனாய்.

"இது ஜெயிச்ச குதிரை."

"அப்ப நல்லா மிதிக்கும். இறக்கு."

இருபத்திரண்டு குதிரைகள், நூரில்யா! எங்கள் ஒன்பது பேரின் அரை நாள் வேலையை அரை மணியில் முடித்தன. சூரியன் சாய்வதற்குள் ஆயிரத்து நானூறு கல். முந்நூறு கல் ஆனபோது குல்பாரா விதைகளை வீசிவிட்டு உள்ளே வந்தாள். "அச்சை இப்படியா பிடிப்பாங்க? கொடுங்க இங்க."

பிஷ்கெக்குக்கு வரவில்லை. கட்டுகிறேன்.

சல்க்கின்

அட்-பாஷி, 12 அக்டோபர்

அன்புத் தங்கைக்கு,

என் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இந்த வரியை இரண்டு தாள் கிழித்து, மூன்றாவதில் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

ஒரு ஜன்னல் கோணல். புகைபோக்கி இருமுகிறது. முழங்காலைப் பற்றி நீ சொன்னதும் உண்மை. கூரைப் பனியைத் தள்ளத் தாலாய் வருவான், கறிக்கு. பிப்ரவரியில் உன்னிடம் வருகிறேன், சண்டைக்கு. மார்ச்சில் நீ இங்கே வா.

நேற்று மதியம் குல்பாரா சூடான ரொட்டியோடு வந்து கதவைத் தட்டினாள். பதினோரு வருஷமாக என் அறைக்குள் தட்டாமல் நுழைந்தவள். "வா" என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு தரம் தட்டட்டும் என்று.

உன் அக்கா
சல்க்கின்