மாடிப்படியில் இறங்கும் பெண்ணையாறு

என் செல்ல அப்பாவுக்கு,

பெண்ணைப் பெண்ணையாற்றங்கரையில் கட்டிக்கொடுத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். மேல்பட்டாம்பாக்கத்தில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிற வீட்டில் அக்காவும் மாமாவும் கைக்குழந்தையும். நெய்வேலி குவார்ட்டர்ஸில் நான்.

நீ செய்த ஏற்பாடு இன்னும் இருக்கிறது. நம் பிளாக்கில் மூன்றாவது மாடி கிருஷ்ணகிரி அங்கிள், இரண்டாவது சாத்தனூர் அத்தை, முதல் மாடி திருக்கோவிலூர் அண்ணன், கீழே நாம். ஆற்றில் வெள்ளமென்று அவரவர் ஊரிலிருந்து போன் வந்தால் கீழ்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கர்நாடக மலையில் பிறக்கிற ஆறு, நம் படிக்கட்டில் இறங்கிவிட்டுத்தான் கடலூர் கடலுக்குப் போகும். அக்காவுக்குப் போகும் கடைசி போன் உன்னுடையது.

போன வாரம் அங்கிள் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினார். "எங்க டேம்ல தொறந்துட்டாங்க." மறுநாள் அத்தை அண்ணனிடம், "சாத்தனூர்லயும் தொறக்கறாங்களாம்பா." அண்ணன் பழக்கத்தில் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடி வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எங்கூர் பாலத்தத் தொட்டுகினு போவுதாம். அக்காவ கெளம்பச் சொல்லுடா."

போன் போட்டேன். "அக்கா, தண்ணி வருது. பாப்பாவத் தூக்கிகினு கெளம்பு."

"டேய் வாலு! போன மாசம் முதலை வருதுன்ன. இன்னைக்குத் தண்ணியா?"

பதிலுக்கு ஒன்றும் வரவில்லை அப்பா. எனக்கா இப்படி? போனில் அவள் வீட்டு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன்டா, ஒரு கிண்டல்கூட வரலியா உனக்கு?" அவள் குரல் மாறியிருந்தது. "இரு. பாப்பா துணிய எடுத்துகினு வர்றோம்."

ஸ்டாப்பில் போய் நின்றேன். பண்ருட்டி பஸ் ஒவ்வொன்றாக வந்தது. எதிலும் அக்கா இல்லை. தெருவில் ஆளே இல்லாத மழையில், மாமா குழந்தையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பின்னாலேயே அக்கா. சாயங்காலம் அவர்கள் வீட்டு ஜன்னல்வரை தண்ணீர்.

நான் வழக்கம்போல ஒரு சிரிப்புச் சிரித்து வைத்திருந்தால்? அந்த போனைப் பேசிவிட்டு நீ எப்படி அப்பா ஷிப்ட்டுக்குப் போனாய்? உனக்கும் பயம் இருந்ததா? எங்களுக்குத் தெரியாமல் எங்கே ஒளித்து வைத்தாய்?

சேற்றைக் கழுவ நேற்று அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். இன்று மறுபடி மேற்கே கறுத்திருக்கிறது. படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

ஆற்று விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டேன். மற்றதற்கெல்லாம் வாக்குக் கேட்காதே. இனி அந்தக் கடைசி போன் என்னுடையது.

பயந்தாலும் போனை எடுக்கிற,
உன் வாலுப் பிள்ளை