குடும்பமும் வருமோ?

வடகடல் கரை, நவம்பர் 2006

இஞ்சாருங்கோ,

எங்கள் சின்னக் கடற்கரை நகரத்துக்கு நிர்வாகி ஒருவரை இன்று தெரிவுசெய்தோம். நகரசபை உறுப்பினராக நானும் நேர்காணலில் இருந்தேன்.

பிராங்பேர்ட்டிலிருந்து வந்தவர்தான் எல்லாரிலும் கெட்டிக்காரர். "குடும்பமும் வருமோ?" என்று தலைவர் கேட்டார்.

"மனைவி வரமாட்டா," என்று அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். தனியாக வருபவர் இங்கே நிலைக்கமாட்டார் என்று சபையில் பலர் தயங்கினார்கள்.

தலைவர் என்னைக் காட்டினார். "இவவின்ரை மனிசனும் தூரத்திலை எசன் நகரத்திலைதானே வேலை செய்யிறார்? இவ இஞ்சை சந்தோசமா இருக்கிறாதானே?"

"ஓம், சனி ஞாயிறிலை வருவார்," என்றேன். நீங்கள் கடைசியாக வந்தது ஏப்ரலில், ஈஸ்டருக்கு என்று சொல்லவில்லை. என்னை நம்பி அவரை எடுத்துவிட்டார்கள்.

வெளியே அவர் என்னிடம் வந்து, "எப்பிடிச் சமாளிக்கிறியள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

வரவேற்பு விருந்துக்கு உங்களையும் அழைத்திருக்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

வாசல் மணியில் உங்கள் பெயரை இன்னும் விட்டுவைத்திருப்பவள்